எஞ்சின் மேல் என் பெயர்

கெல்வினைத் தனியாகப் பண்ணை ஏலத்துக்கு அனுப்பியது என் புத்திகெட்ட வேலை. அன்றைக்குப் பள்ளிக்கூட பஸ்ஸை நான் ஓட்டியாக வேண்டும். எங்கள் ஊர் விர்ரபீனில் எனக்குப் பதிலாக அதை ஓட்ட ஆள் கிடையாது. அதனால் காலையில் டோஸ்ட் தின்றுகொண்டிருந்த என் புருஷனிடம், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் எடுத்துச் சொன்னேன்.

"பச்சைக் கலர்ல ஒரு பழைய மிலிட்டரி ஜெனரேட்டர் ஏலத்துக்கு வருது. அதுல இருக்கற எஞ்சினும் என் ஜீப்போட எஞ்சினும் ஒண்ணுதான். நமக்கு வேண்டியது எஞ்சின். என்ன வேணும்?"

"எஞ்சின்" என்றான் கெல்வின்.

"மிச்சத்தையெல்லாம் பிரிச்சு, கேக்கறவங்களுக்குக் குடுத்துடலாம்."

"குடுத்துடலாம்" என்றான். வாயில் டோஸ்ட் இருந்தது.

சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது ஜெனரேட்டர் எங்கள் ஷெட்டுக்குள் நின்றிருந்தது. அதன் எதிரே ஒரு பால் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, கெல்வின் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் என்னை அப்படித்தான் பார்த்தான். அதற்கப்புறம் ஒரு டிராக்டரைப் பார்த்தான், பிறகு இன்னொரு டிராக்டரை.

"ரே, இதுல ஒண்ணுமே குறையல" என்றான்.

"எஞ்சின் இருக்கில்ல?"

"எஞ்சின் மட்டுமில்ல. எல்லாமே இருக்கு. இங்க வந்து பாரு."

பார்த்தேன். குறை சொல்ல ஆசைப்பட்டுத்தான் பார்த்தேன், கிடைக்கவில்லை. சண்டைக் காலத்தில் ஏதோ ராணுவ முகாமுக்காகச் செய்தது. சண்டை முடிந்து தள்ளிவிட்டபோது ஒரு விவசாயி வாங்கி, ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கும் கொட்டகையில் விளக்கு எரிய வைத்திருந்தார். ஊருக்குள் மின்கம்பி வந்ததும் தார்ப்பாய் போட்டு மூடியவர்தான், அப்புறம் அவர் மகனும் அதைத் தொடவில்லை. இரண்டு சக்கர டிரெய்லர், மீட்டர்களின் கண்ணாடி, மழைக்கு இறக்கிவிடும் கான்வாஸ் திரை, ஸ்பேனர்கள் சுருட்டி வைத்த துணிப்பை எல்லாம் அப்படியே இருந்தன. பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைத் தகடு. அதைக் கெல்வின் ஏற்கெனவே தேய்த்துப் பளபளவென்று ஆக்கியிருந்தான்.

"அழகாத்தான் இருக்கு" என்றேன். "ஞாயித்துக்கிழமை எஞ்சினை இறக்கிடலாம்."

அவன் பித்தளைத் தகட்டை இன்னொரு தடவை துடைத்தான்.

எனக்கு ஏன் இந்த அவசரம் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஒரே மகள் டீகனுக்கு அக்டோபரில் கல்யாணம். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "அம்மா, நான் சர்ச்சுக்கு நம்ம ஜீப்புல வரணும். வேற எதுவும் வேண்டாம்" என்றாள். கார் வேண்டாம், பூ வேண்டாம், ஜீப் வேண்டும். அந்த ஜீப்பை நான் கண்டுபிடித்தபோது அதில் கோழிகள் முட்டை போட்டுக்கொண்டிருந்தன. டீகன் அப்போதுதான் நடை பழகியிருந்தாள். எச்சத்தைச் சுரண்டி, தகரத்தை நிமிர்த்தி, பிரேக், ஸ்டீயரிங், சீட் என்று வருஷக்கணக்கில் ஒவ்வொன்றாகச் சேர்த்து வண்டியை எழுப்பிவிட்டேன். எஞ்சின் மட்டும் கிடைக்கவேயில்லை. யாரோ ஒரு புண்ணியவான் என்றைக்கோ அதைக் கழற்றித் தண்ணீர் பம்புக்கு வைத்துக்கொண்டான். முகம் தெரியாத அந்த ஆளை, பானெட்டைத் திறந்து அந்தக் காலிக் குழியைப் பார்க்கும்போதெல்லாம் நான் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன்.

இப்போது எங்கள் ஊர்ப் பழைய எந்திரக் கழகத்தின் இரண்டு வழக்கங்களையும் சொல்லியாக வேண்டும். ஒரு மிஷினைப் பிரிக்கப் போகிறோம் என்று சொந்தக்காரர் சொல்லிவிட்டால், எந்தப் பாகம் வேண்டுமோ அதன் மேல் சாக்பீஸால் பேர் எழுதிவிட வேண்டும். முதலில் எழுதினவருக்கே அது. எழுதிய பிறகு அவர் வேண்டாமென்று பின்வாங்கவும் முடியாது. இது ஒன்று. இன்னொன்று, கழக உறுப்பினர் மூன்று பேர் கண்ணெதிரே ஒரு மிஷின் ஓடிவிட்டால், அதை எந்தக் காலத்திலும் பிரிக்கக் கூடாது. உயிரோடு இருப்பதை அறுக்கக் கூடாதாம். எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் கெட்ட வார்த்தை பேசாத உறுப்பினரைக்கூடத் தேடினால் பார்க்கலாம், இந்த வழக்கத்தை மீறினவரைப் பார்க்க முடியாது.

ஆகவே கெல்வின் என்ன செய்வான் என்று யோசிக்கவே தேவையில்லை. அந்த மாதக் கழக வேலைநாள் எங்கள் ஷெட்டில்தான் நடக்கவிருந்தது. அதற்குள் இறுகிக் கிடந்த எஞ்சினை இளக்கி, வந்தவர்கள் முன்னால் ஓட்டிக் காட்டிவிட்டால் கதை முடிந்தது. நான் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போன நேரமெல்லாம் அவன் சிலிண்டரில் எண்ணெய் ஊற்றி ஊறவைத்தான், கார்ப்பரேட்டரைக் கழுவினான், ஸ்பார்க் பிளக்குகளைத் தீட்டினான். நான் திரும்பி வரும்போது ஒன்றும் தெரியாதவன்போல் தோட்டத்தில் தக்காளிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருப்பான். தக்காளியைவிடக் குச்சிகள் அதிகமாகிவிட்டன.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. ராணுவத்தில் ஒரு பழக்கம் உண்டு. வண்டியை எவனும் கிளப்பிக்கொண்டு போகக் கூடாதென்றால், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து ரோட்டரை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்கள். கட்டைவிரல் அளவுத் துண்டுதான், அது இல்லாவிட்டால் ஸ்பார்க் பிளக்குக்கு நெருப்புப் போகாது. ஒரு நாள் தக்காளிக்குத் தண்ணீர் விட அவன் போன நேரத்தில் ரோட்டரைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். பஸ் ஓட்டும்போதும் அது என்னிடமே இருந்தது.

அன்று சாயங்காலம் ஷெட்டிலிருந்து கைப்பிடியைச் சுற்றும் சத்தம் கேட்டது. சுற்றினான், நிறுத்தினான், மறுபடியும் சுற்றினான். பிறகு கைப்பிடியைத் தரையில் போட்ட சத்தம். சாப்பிட வந்து உட்கார்ந்தபோது முகம் சிவந்திருந்தது.

"எங்க போயிட்டு வந்த?" என்றேன்.

"தக்காளிக்கு" என்றான்.

"உருளைக்கிழங்கு இன்னும் கொஞ்சம் வச்சுக்க."

வைத்துக்கொண்டான். ரோட்டரைப் பற்றி அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அடுத்த நாள் காலையில், "சரி ரே, பிரிச்சுடலாம். டீகன் கல்யாணத்தைவிட இது பெரிசில்ல" என்றான். நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் காப்பி ருசிக்கவில்லை.

வேலைநாளன்று கழகத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். என் தம்பி மர்ரே, கோதுமை லாரி ஓட்டும் லின்ட்சே, எங்கள் கழகத்திலேயே மூத்தவரான டெஸ். டெஸ் எப்போதும்போல் மனைவி செய்த லாமிங்டன் கேக்கை ஒரு டப்பாவில் கொண்டுவந்து, எப்போதும்போல் பாதியை வழியிலேயே தின்றிருந்தார்.

"என்ன மச்சான், பிரிக்கறதுன்னு முடிவா?" என்று மர்ரே கேட்டான்.

"முடிவுதான்" என்றான் கெல்வின், தரையைப் பார்த்துக்கொண்டு.

வழக்கப்படி முதல் பெயரை நானே எழுதினேன். எஞ்சின் பிளாக்கின் மேல் பெரிய எழுத்தில், ரேலீன். மர்ரே மீட்டர் பெட்டியில் எழுதினான். லின்ட்சே டிரெய்லரிலும் சக்கரங்களிலும் தனித்தனியாக எழுதினான், சந்தேகமே வரக்கூடாதாம். டெஸ் கரண்ட் உண்டாக்கும் உருளையை எடுத்துக்கொண்டார், வெல்டிங் மிஷின் செய்யப் போகிறாராம்.

"கான்வாஸ் யாருக்கும் வேண்டாமா? என் நாய்க்குப் போடலாம்" என்றான் லின்ட்சே.

"ஸ்பேனர் பை எனக்கு" என்றான் மர்ரே.

"அதான் மீட்டர் எடுத்துட்டியேடா" என்றார் டெஸ்.

"மீட்டர் வேற, ஸ்பேனர் வேற. கல்யாண வீட்டுல ஒருத்தன் கோழியும் தின்னலாம், கேக்கும் தின்னலாம்."

நான் டீ போட உள்ளே போனேன். ஐந்து குவளைகளைத் தட்டில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது மூன்று பேரும் வெளியே வெயிலில் நின்று மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஷெட்டுக்குள் யாருமில்லை, அதுதான் நின்றுகொண்டிருந்தது. உடம்பெல்லாம் வெள்ளை எழுத்து. லின்ட்சே, லின்ட்சே, மர்ரே, டெஸ், மர்ரே, நாய்க்கு. கசாப்புக் கடையில் தொங்கவிட்ட ஆடுகூட இதைவிடக் கௌரவமாக இருக்கும். நடுவில் எல்லாவற்றையும்விடப் பெரிதாக என் பெயர்.

அப்போதுதான் அந்தப் பித்தளைத் தகட்டைப் பார்த்தேன். அதில் பொடியாக, எழுத்துக்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டு, கெல்வின் என்று எழுதியிருந்தது. முழு ஜெனரேட்டரையும் விட்டுவிட்டு இந்த மனிதன் தனக்கென்று கேட்டுக்கொண்டது உள்ளங்கை அகலத் தகடு ஒன்றைத்தான்.

எனக்குப் பொத்துக்கொண்டு கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்டால் என் மேல்தான். என் ஜீப்பின் எஞ்சினைத் தூக்கிப்போன ஆளின் முகம் எப்படியிருக்கும் என்று இத்தனை வருஷம் யோசித்திருக்கிறேன். என் முகம் மாதிரியேதான், கையில் டீத் தட்டோடு, பையில் ரோட்டரோடு, பஸ் டிரைவர் தொப்பி போட்டுக்கொண்டு இருக்கும் என்று தெரியாமல் போயிற்று.

கெல்வின் பின்னால் வந்து ஒரு குவளையை எடுத்துக்கொண்டான்.

"கெல்வின், நிஜத்தைச் சொல்லு. ரோட்டர் எங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"உன் பாக்கெட்டுல."

"எப்படி?"

"யாராவது ஜெனரேட்டர்னு சொன்னா உடனே உன் கை அங்க போகுது. இப்பகூடப் போச்சு."

போயிருந்தது. கையை எடுத்தேன்.

"என் ஜீப் சாமான் டப்பால இன்னொரு ரோட்டர் இருக்கே. அதுவும் தெரியுமா?"

"தெரியும். நான்தானே உனக்குப் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்தேன்."

"அப்ப அத எடுத்துப் போட்டு ஓட்டியிருக்கலாமில்ல?"

அவன் டீயை ஊதிக்கொண்டே சொன்னான். "அது உன் ஜீப்போட சாமான். நான் எப்படி எடுப்பேன்?"

இந்த ஆளோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் அவன் எப்போது என்னை அழவைப்பான் என்று கண்டுபிடிக்க முடிவதில்லை. தட்டைக் கீழே வைத்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து ரோட்டரைப் பொருத்தி, மூடினேன். பாட்டரி, பெட்ரோல் எல்லாம் அவன் ஏற்கெனவே தயாராகத்தான் வைத்திருந்தான்.

"மர்ரே, லின்ட்சே, டெஸ். மூணு பேரும் உள்ள வாங்க. இங்க நின்னு பாருங்க" என்று கூப்பிட்டேன்.

கைப்பிடியை நான் மாட்டுவதைப் பார்த்ததும் டெஸ்ஸின் வாயிலிருந்த கேக் நின்றுவிட்டது.

"ரேலீன், இது ஓடிட்டா அப்புறம் யாரும் கை வைக்க முடியாதும்மா. உன் எஞ்சினும் சேர்த்துத்தான்."

"தெரியும் டெஸ். அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

"அக்கா, நல்லா யோசிச்சுக்க" என்றான் மர்ரே. "அப்புறம் டீகன் ஜீப்புக்குக் குதிரைதான் கட்டணும்."

"உன்னை யாரு கேட்டா? தள்ளி நில்லு."

சுற்றினேன். ஒன்றுமில்லை. மறுபடியும் சுற்றினேன், ஒரு தும்மல் மட்டும் வந்தது. கெல்வின் குனிந்து சோக்கைக் கொஞ்சம் உள்ளே தள்ளினான். அடுத்த சுற்றில் அது இருமி, ஒரு கூடை நீலப் புகையைத் துப்பி, தடுமாறி, சுதாரித்துக்கொண்டு ஓடத் தொடங்கியது. கூரையிலிருந்த குருவிகள் எல்லாம் வெளியே பறந்தன. மீட்டர் முள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றது. கெல்வின் ஒரு பல்பை மாட்டினான், எரிந்தது. அவன் சிரித்த சிரிப்புக்கு அந்த பல்பு தேவையே இல்லை.

லின்ட்சே மட்டும், "என் நாய்க்குப் போச்சு" என்றான்.

அதிர்வில் சாக்பீஸ் தூள் உதிர்ந்து என் பெயர்தான் முதலில் மங்கியது. நல்லதுதான் என்று நினைத்தேன். ஆனால் எஞ்சினை அணைத்துவிட்டு எல்லோரும் போன பிறகு, டீகனிடம் யார் சொல்வது என்ற கேள்வி என் எதிரே வந்து உட்கார்ந்துகொண்டது. கெல்வின் சொல்கிறேன் என்றான். நான் விடவில்லை. செய்தவள்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த நாள் அவள் ஆட்டுக்கறி வறுவல் சாப்பிட வந்தாள். சாப்பிட விட்டுவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. கிரேவியை ஊற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எஞ்சின் கிடைத்தது, இருந்தது, இனிமேல் இல்லை, அக்டோபருக்குள் வேறு கிடைக்காது, என்னை மன்னித்துக்கொள் என்றேன். கெல்வின் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டீகன் முள்கரண்டியை வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஜீப்புக்கு எஞ்சின் எதுக்கு?"

"எதுக்கா? ஓட வேண்டாமா?"

"அம்மா, நான் நம்ம ஜீப்புல வரணும்னு சொன்னேன். அது ஓடணும்னு எப்ப சொன்னேன்? அதுல எஞ்சினை நான் பார்த்ததே இல்லையே. சின்ன வயசுல தினமும் ஷெட்டுல உக்காந்து அத ஓட்டுவேன். டார்வின் போயிருக்கேன், பெர்த் போயிருக்கேன். எஞ்சின் சத்தம் எல்லாம் நான்தான் போடுவேன்."

"அப்ப சர்ச்சுக்கு எப்படி வருவ?"

"நாலு பேரு தள்ளினா வராதா?"

நானும் கெல்வினும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். ஊரில் வேறு யாராக இருந்தாலும் முதல் நிமிஷத்திலேயே இதை யோசித்திருப்பார்கள். ஓடாத வண்டியிலும் ஒருத்தர் சந்தோஷமாகப் போக முடியும் என்பது எங்களைப் போன்ற எந்திரப் பைத்தியங்களின் மண்டையில் ஏறவே ஏறாது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கெல்வின் சிரித்துக் கிரேவியைக் கவிழ்த்தான்.

கல்யாணத்தன்று ஜீப்பை டிரெய்லரில் ஏற்றி பேக்கரி முனை வரை கொண்டுவந்து இறக்கினோம். மர்ரே, லின்ட்சே, டெஸ் மூன்று பேரும் சூட் போட்டுக்கொண்டு விருந்தாளிகளைப்போல் சர்ச்சுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். கூப்பிட்டேன். என் கைப்பையில் சாக்பீஸ் இருந்தது. ஜீப்பின் பின்பக்கம் இடது மூலையில் மர்ரே என்று எழுதினேன், வலது மூலையில் லின்ட்சே. டெஸ்ஸுக்கு வயதாயிற்று, ஆகவே நடுவில் இருந்த ஸ்பேர் சக்கரத்தில் அவர் பெயரைப் போட்டேன், சாய்ந்துகொண்டே தள்ளலாம்.

"அக்கா, இது என் ஒரே சூட்டு" என்றான் மர்ரே.

"பேர் எழுதியாச்சு. இனி பின்வாங்க முடியாது."

"எழுதினது நீ. நாங்க எழுதல."

"குதிரை கட்டணும்னு சொன்னது யாரு?"

டெஸ் கோட்டைக் கழற்றி மடித்துப் பின்சீட்டில் வைத்தார். "வழக்கம்னா வழக்கம்தான்டா. தள்ளு" என்றார்.

டீகன் கவுனைச் சுருட்டிக்கொண்டு முன்சீட்டில் ஏறினாள். கெல்வின் பின்னால் ஏறி, கோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். ஸ்டீயரிங் என் கையில். தெருவின் இரண்டு பக்கமும் ஊரே நின்றது, என் பஸ் பிள்ளைகள் வேலி மேல் ஏறியிருந்தார்கள். தூரத்தில் சர்ச் பக்கத்து ஹாலில் ஜெனரேட்டர் ஓடும் சத்தம் லேசாகக் கேட்டது. விருந்துக்கு விளக்குப் போட கெல்வின் காலையிலேயே அதைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தான். அந்தத் தகட்டின் மேலிருந்த அவன் பெயரை மட்டும் நான் அழிக்க விடவில்லை.

பின்னால் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினார்கள். ஜீப் அசைந்தது, நகர்ந்தது. நான் நேராகப் பார்த்து ஓட்டினேன், பஸ் ஓட்டும் அதே கவனத்தோடு. கொஞ்ச தூரம் போயிருப்போம். பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. முக்காட்டுத் துணிக்குள், உதட்டைக் குவித்துக்கொண்டு, என் மகள் எஞ்சின் ஓட்டிக்கொண்டிருந்தாள். ட்ர்ர்ர்ர் என்று அடித்தொண்டையில் ஆரம்பித்து மெல்ல ஏற்றினாள், ஷெட்டில் டார்வின் போன நாட்களில் போட்ட அதே சத்தம். பின்சீட்டில் கெல்வின் மூக்கைச் சிந்துவது கேட்டது, அது டெஸ்ஸின் கோட்டிலாக இருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

"அம்மா" என்றாள் டீகன், சத்தத்தை ஒரு நொடி நிறுத்தி. "ரெண்டாவது கியர் போடு."

நான் கிளட்ச்சை மிதித்துக் கியரை மாற்றினேன்.